கடலடிப் பிளவும் வான்வழித் தடயமும்: அந்தமான் நிக்கோபாரில் நிலநடுக்கத்தின் மின்காந்த முன்னறிகுறிகள்

பெரிய நிலநடுக்கத்துக்கு முன் பாறையில் ஏறும் அழுத்தம் அதைச் சுற்றியுள்ள மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாற்றக்கூடும் என்பது ஒரு கூற்று. அந்த மாற்றத்தைக் கருவிகளால் முன்கூட்டியே இனங்கண்டு மக்களை எச்சரிக்க முடியும் என்பது வேறொரு கூற்று. முதலாவதற்கு ஆய்வுக்கூடச் சான்றுகள் உண்டு; இரண்டாவது பல பத்தாண்டு விவாதத்துக்குப் பிறகும் நிறுவப்படாமலே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து பார்க்க இந்தியாவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளைவிடப் பொருத்தமான களம் இல்லை. நவீனக் கருவிகள் பதிவுசெய்த மிகப்பெரிய நிலநடுக்கங்களுள் ஒன்று இத்தீவுகளின் அடியிலேயே நிகழ்ந்தது. அதற்கு முன்பு வானிலும் மண்ணிலும் மாற்றம் தென்பட்டதாகப் பல நாட்டு ஆய்வாளர்கள் எழுதினர். அதற்குப் பின்பு தென்பட்ட மாற்றங்களோ ஐயத்துக்கு இடமின்றி அளக்கப்பட்டன. இந்த முன்பையும் பின்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வழி.

பிளவின் அளவு

அந்தமான் நிக்கோபார் தீவுத்தொடருக்கு மேற்கே, வங்கக் கடலின் தரையைச் சுமந்திருக்கும் இந்தியப் புவித்தட்டு, தீவுகள் அமர்ந்திருக்கும் பர்மா சிறுதட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது. இரு தட்டுகளும் உரசிப் பூட்டிக்கொள்ளும் சாய்தளத்தில் பல நூற்றாண்டுகளாகத் தேங்கும் விசை, பூட்டு விடுபடும்போது சில நிமிடங்களில் வெளிப்படுகிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே 7.9 அளவிலும், 1941 ஜூன் 26 அன்று அந்தமானில் ஏறத்தாழ 7.7 அளவிலும் இத்தகைய விடுபடல்கள் நிகழ்ந்தன. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ராவின் வடமேற்குக் கடலில் தொடங்கிய நடுக்கத்தின் அளவு 9.1க்குக் குறையாதது, பிளவு வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கிழிந்து வட அந்தமான் வரை செல்ல எட்டு முதல் பத்து நிமிடங்கள் ஆயின. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்து அதன் கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் கடலுக்குள் நின்றது. போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், ஏறத்தாழ 1 மீட்டர் இறங்கியது. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ பவளப்பாறைகள் நீர்மட்டத்துக்கு மேலே எழும்பி வெளிறின.

முன்னறிகுறி பற்றிய விவாதத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஓர் உண்மை இந்த அளவில் அடங்கியிருக்கிறது. நிலநடுக்க மையம் என்று வரைபடத்தில் குறிக்கப்படும் புள்ளி பிளவு தொடங்கிய இடம் மட்டுமே. அது போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தெற்கே இருந்தது. போர்ட் பிளேரின் தரையைத் தாழ்த்திய பிளவுப் பகுதி, தொடக்கப் புள்ளி அசைந்து சில நிமிடங்கள் கழித்தே நகர்ந்தது. ஆகவே முன்னறிகுறி ஒன்று இருந்திருந்தால் அது தொடக்கப் புள்ளியருகே தோன்றியிருக்க வேண்டுமா, 1,300 கிலோமீட்டர் நெடுகத் தோன்றியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லாத எந்தக் கோட்பாடும் இங்கே சோதனைக்கு நிற்க இயலாது.

பாறையில் மின்சாரம் பிறக்கும் வழிகள்

அழுத்தப்படும் பாறை மின்சாரத்தை உண்டாக்கும் வழிகளாக மூன்று முதன்மையாகப் பேசப்படுகின்றன. குவார்ட்ஸ் போன்ற படிகங்கள் நெரிக்கப்படும்போது அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவது முதல் வழி. அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் பொறி பறப்பதும் இதே வகை விளைவால்தான். இரண்டாவது, பாறையின் நுண்துளைகளில் அழுத்தப்பட்ட நீர் பாயும்போது தன்னோடு மின்னேற்ற அயனிகளை இழுத்துச் சென்று மின்னோட்டத்தை உருவாக்குவது. மூன்றாவது, அமெரிக்க ஆய்வாளர் ஃபிரீட்மான் ஃபிராய்ண்ட் முன்வைத்தது: பாறைக் கனிமங்களில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் தம்முள் பிணைந்திருக்கும் குறைபாடுகள் அழுத்தத்தால் உடைய, அதனால் விடுபடும் நேர்மின் துளைகள் அழுத்தமற்ற பாறைக்குள் பரவி மேற்பரப்பை எட்டும் என்பது அவர் கருத்து.

இவற்றுள் நீர் சார்ந்த வழி அந்தமானுக்கு நெருக்கமானது. இறங்கும் தட்டு ஈரமான கடற்படிவுகளையும் நீர்சேர்ந்த கனிமங்களையும் கீழே கொண்டுசெல்ல, அவற்றிலிருந்து பிழியப்படும் நீரும் வாயுவும் மேலேறுகின்றன. பாரதாங் தீவின் சேற்று எரிமலைகள் இந்த ஏற்றத்தின் கண்கூடான வாயில்கள். ஆயினும் ஒரு வழி இருப்பது அதன் வலு போதுமானது என்பதைக் காட்டாது. ஆய்வுக்கூடத்தில் கைக்கு அடக்கமான, பெரும்பாலும் உலர்ந்த பாறைத்துண்டில் கிடைத்த மின்னழுத்தம், ஆழத்தில் உப்புநீர் ஊறிய, மின்சாரத்தை எளிதில் கடத்தும் பாறையில் தேங்கி நிற்குமா, தோன்றிய கணமே கசிந்து மறையுமா என்பதே இத்துறையின் பழைய, இன்னும் தீராத வினா.

உலகின் அனுபவம்

இத்துறைக்கு நம்பிக்கையூட்டிய நிகழ்வு கலிபோர்னியாவில் 1989 அக்டோபர் 17 அன்று 6.9 அளவில் நேர்ந்த லோமா பிரியேட்டா நிலநடுக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரேசர்-ஸ்மித் குழுவின் காந்தமானி ஒன்று, வேறு நோக்கத்துக்காக, மையத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொராலிடோஸில் இயங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே அதன் பதிவு உயர்ந்ததாகவும், கடைசி மூன்று மணி நேரத்தில் 0.01 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது நூறு நொடிக்கு ஒருமுறை என்ற மெதுவான அலைவில், பெரிதும் எகிறியதாகவும் 1990இல் வெளியான கட்டுரை கூறியது. இருபதாண்டுகள் கழித்து, 2009இல், ஜெரமி தாமஸ், ஜெஃப்ரி லவ், மால்கம் ஜான்ஸ்டன் ஆகியோர் அப்பதிவைப் பிற நிலையங்களின் பதிவோடு ஒப்பிட்டு, அந்த எழுச்சி கருவிக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினர். இடையில், 2004 செப்டம்பர் 28 அன்று அதே கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில், நிலநடுக்கத்தை எதிர்பார்த்தே பல வகைக் கருவிகள் நிறுவப்பட்டிருந்த பகுதியில், 6.0 அளவில் நடுக்கம் நேர்ந்தபோது மின்காந்த முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை.

கிரேக்கத்தில் வரோட்சோஸும் அவருடைய தோழர்களும் 1980களில் தொடங்கிய, நிலத்தில் புதைத்த மின்முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளந்து முன்னறிவிப்பு தரும் முறையும் இதே போக்கைக் கண்டது: வெற்றிகள் என்று சொல்லப்பட்டவை தற்செயலாகவும் கிடைத்திருக்கக்கூடியவை என்ற விமர்சனத்தை அது கடக்க இயலவில்லை. இத்தாலியின் லாக்கிலா நிலநடுக்கத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பன்னாட்டு ஆணையம் 2011இல் அளித்த அறிக்கை, எந்த வகை முன்னறிகுறியும் நம்பகமான முன்னறிவிப்புக்கு உதவும் நிலையை எட்டவில்லை என்றே முடித்தது.

2004: முன்பு கண்டதாகச் சொல்லப்பட்டவை

சுமத்ரா–அந்தமான் நிலநடுக்கம் பற்றிய முன்னறிகுறிக் கட்டுரைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை தரைக் காந்தமானிப் பதிவுகளைச் சார்ந்தது. மேற்குச் சுமத்ராவின் கோட்டோதாபாங் நிலையத்தில், மையத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால், காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறுக்கும் கிடைக் கூறுக்கும் உள்ள விகிதம் நடுக்கத்துக்கு முன் உயர்ந்ததாக இந்தோனேசிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினர். வானிலிருந்து வரும் காந்த அலைவு பெரும்பாலும் கிடைக் கூறில் தெரியும், நிலத்தடியிலிருந்து வருவது செங்குத்துக் கூறில் கூடுதலாகத் தெரியும் என்பது இவ்விகிதத்தின் தர்க்கம். ஆனால் சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களில் கிடைக் கூறு தானே மெலிய, நிலத்தடியில் எதுவும் நிகழாமலே விகிதம் உயரும். இவ்வகைக் கட்டுரைகள் பலவற்றில் சொல்லப்பட்ட உயர்வுகள் புவிக்காந்த அமைதியோடு ஒத்துப்போவதை இத்தாலிய ஆய்வாளர் ஃபாப்ரிட்சியோ மாஷி எடுத்துக்காட்டினார்.

இரண்டாம் வகை, தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடையது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் இயங்கத் தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை நிலையம், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 18.2 கிலோஹெர்ட்ஸில் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலைகளை ஒலிபரப்புகிறது. இந்த அலைகள் தரைக்கும், 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அயனமண்டலத்தின் அடிப்பகுதிக்கும் இடையே, குழாய்க்குள் செல்வது போல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். அயனமண்டலம் என்பது சூரியக் கதிரால் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும் மேலடுக்கு; அதன் அடிப்பகுதி சற்றே உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் தொலைவில் வாங்கும் அலையின் வலு மாறும். கொல்கத்தாவில் விஜயநாராயண அலையை வாங்கிக்கொண்டிருந்த சந்தீப் சக்ரவர்த்தி குழு, 2004 டிசம்பர் நடுக்கங்களையொட்டி அயனமண்டலக் குலைவு தென்பட்டிருக்கலாம் என்று 2005இல் எழுதியது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையம் 19.8 கிலோஹெர்ட்ஸில் அனுப்பிய அலையை ஜப்பானில் வாங்கியவர்களும் நடுக்கத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே இரவுநேர வலுவில் அலைவு கண்டதாகக் கூறினர். ஆயினும் கொல்கத்தாப் பாதை இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டியது. ஜப்பானியப் பாதையோ மையத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் விலகியது. இத்தகைய விலகலை நியாயப்படுத்தப் பயன்படும் டோப்ரோவோல்ஸ்கி சூத்திரத்தின்படி 9.1 அளவு நடுக்கத்தின் தாக்கவட்டத்துக்கு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஆரம் கிடைக்கிறது. ஆசியாவின் பெரும்பகுதியை உள்ளடக்கும் வட்டம் எந்தப் பதிவையும் விலக்காது. விலக்காத அளவுகோல் எதையும் நிறுவவும் செய்யாது.

மூன்றாம் வகை செயற்கைக்கோள் சார்ந்தது. ஜிபிஎஸ் அலைகள் அயனமண்டலத்தைக் கடக்கும்போது சற்றே தாமதிப்பதிலிருந்து, ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள தூணில் எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளன என்பதைக் கணக்கிடலாம். இதற்கு மொத்த எலெக்ட்ரான் அளவு என்று பெயர். ஜப்பானின் கோசுகே ஹெகி, 2011 தோஹோகு நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ 40 நிமிடங்கள் முன்பிருந்தே இந்த அளவு உயர்ந்ததாகவும், 2010 சிலி நடுக்கத்திலும், ஒருவேளை 2004 சுமத்ரா–அந்தமான் நடுக்கத்திலும் அதே போக்கு தெரிவதாகவும் எழுதினார். கமோகாவாவும் ககினாமியும் 2013இல் இதை மறுத்தனர்: சுனாமி எழுப்பிய காற்றலை நடுக்கத்துக்குப் பின் எலெக்ட்ரான் அளவைத் தாழ்த்துகிறது, முன்பும் பின்பும் உள்ள தரவுகளை இணைத்து அடிப்படைக் கோடு வரையும்போது, பின்னர் நேர்ந்த தாழ்வே முன்னர் நேர்ந்த உயர்வாகத் தோற்றம் தருகிறது என்பது அவர்கள் வாதம். ஹெகி தரப்பு பதில் தந்தது; வழக்கு இன்னும் தீரவில்லை. 2004 ஜூன் 29 அன்று பிரான்ஸ் ஏவிய டெமெட்டர் செயற்கைக்கோள் 2010 வரை திரட்டிய தரவுகளில், ஆழம் குறைந்த ஆயிரக்கணக்கான நடுக்கங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, நடுக்கத்துக்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் இரவில் 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே அலைவலு சிறிதே குறைவதாகச் செக் நாட்டு, பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டனர். இத்துறையின் கவனமான முடிவுகளுள் இது ஒன்று. ஆனால் சராசரியில் மட்டும் தெரியும் இந்தச் சிறு குறைவைக் கொண்டு தனியொரு நடுக்கத்தை அறிவிக்க இயலாது.

2004: பின்பு கண்டவை

நடுக்கத்துக்குப் பிந்தைய பதிவுகளில் இத்தகைய தயக்கம் எதுவும் இல்லை. தரையும் கடற்பரப்பும் செங்குத்தாக எழும்பித் தாழ்ந்தபோது காற்றில் பிறந்த அழுத்த அலை, பத்து நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில் அயனமண்டலத்தை எட்டி அங்குள்ள எலெக்ட்ரான்களை அசைத்தது. இந்திய ஜிபிஎஸ் நிலையங்களிலும் தென்கிழக்காசிய நிலையங்களிலும் இது பதிவானது. தாய்லாந்தின் பிமாய் காந்த நிலையத்தில் நடுக்கம் தொடங்கி ஏறத்தாழ 12 நிமிடங்களில் 3.6 நிமிடக் காலமுறையுள்ள காந்தத் துடிப்பு தோன்றியது. தரைக்கும் மேல் வளிமண்டலத்துக்கும் இடையே காற்று ஒத்ததிரும்போது எழும் காலமுறையோடு அது பொருந்தியது. இங்கே காரணம் தெரியும், பயண நேரம் கணிக்கப்பட்டதோடு ஒத்துப்போகிறது, பல கருவிகள் ஒரே கதையைச் சொல்கின்றன. முன்னறிகுறிக் கூற்று எதுவும் இம்மூன்று தகுதிகளையும் ஒருசேரப் பெறவில்லை. அயனமண்டலம் பூமியின் அசைவை உணரும் என்பது 2004இல் உறுதியானது. அசைவுக்கு முந்தைய அழுத்தத்தையும் உணரும் என்பது உறுதியாகவில்லை.

கடலும் வானும் வைக்கும் தடைகள்

அந்தமானில் இந்த ஆய்வைக் கடினமாக்கும் முதல் தடை கடல்நீர். மின்காந்த அலை ஒரு கடத்திக்குள் நுழையும்போது அதன் வலு படிப்படியாகக் குறைகிறது; மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்கு அது மெலியும் ஆழத்துக்கு ஊடுருவு ஆழம் என்று பெயர். விஜயநாராயணத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலைக்குக் கடல்நீரில் இந்த ஆழம் ஏறத்தாழ 2 மீட்டர். இதனால்தான் நீர்மூழ்கிகள் அச்செய்தியைக் கேட்க மேற்பரப்பை நெருங்கியோ, ஏரியலை மேலே மிதக்கவிட்டோ வர வேண்டியிருக்கிறது. மேலிருந்து கீழே செல்ல இயலாத அலை கீழிருந்து மேலேயும் வர இயலாது. ஆகவே கடலடிப் பிளவிலிருந்து கிலோஹெர்ட்ஸ் அலைகள் நேரே எழும்பி வான்வழி வந்தன என்ற கூற்று, நீர்மூழ்கிச் செய்தித்தொடர்பை ஆளும் அதே இயற்பியலோடு முரண்படுகிறது. நூறு நொடிக்கு ஒருமுறை அலையும் 0.01 ஹெர்ட்ஸ் அலைக்கோ கடல்நீரில் ஊடுருவு ஆழம் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர், உலர்ந்த பாறையில் அதைவிடப் பன்மடங்கு அதிகம். எனவே பல கிலோமீட்டர் பாறையையும் அதன்மேல் நிற்கும் கடலையும் கடந்து ஏதேனும் வெளிவர வேண்டுமானால் அது இத்தகைய மிக மெதுவான அலைவாகவே இருக்க முடியும். அதையும் கேட்கக் கருவி பிளவுக்கு அருகில் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் தடை வானம். காந்த ஊசி கிடைமட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையையும் நிக்கோபாரையும் ஒட்டிச் செல்கிறது. இக்கோட்டின் மேலே பகலில் ஓடும் மின்னோட்டப் பட்டை தரைக் காந்தமானிகளை அன்றாடம் பெரிதும் அசைக்கிறது. அதே பகுதியில் மேலெழும்பும் எலெக்ட்ரான்கள் இருபுறமும் சரிந்து, வடக்கே கொல்கத்தா அருகே முகடாகக் குவிகின்றன. அந்தி சாய்ந்த பின் அயனமண்டலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் தோன்றி ஜிபிஎஸ் அலைகளைக் குலைக்கின்றன. பூமியின் அயனமண்டலத்தில் நிலையற்ற பகுதிகளுள் இதுவும் ஒன்று. இங்கே வழக்கத்துக்கு மாறான நாள் என்பதே வழக்கமான செய்தி.

தற்செயல் ஒற்றுமை எவ்வளவு எளிதில் காரணமாகத் தோன்றும் என்பதற்கு அந்த டிசம்பரே சான்று தருகிறது. நடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ 44 மணி நேரத்தில், பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள எஸ்ஜிஆர் 1806-20 என்ற காந்த விண்மீனிலிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பு, பசிபிக்கின் பகல் பக்கத்தில் அயனமண்டலத்தின் அடிப்பகுதியைப் பெரிதும் கலைத்தது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் அது தெளிவாகப் பதிவாயிற்று. அவ்வெடிப்பு இரண்டு நாள் பின்னதாக வராமல் இரண்டு நாள் முன்னதாக வந்திருந்தால், அதன் காரணம் தெரியாதவர்களுக்கு அது மறுக்க இயலாத முன்னறிகுறியாகத் தோன்றியிருக்கும்.

எதைச் சோதனை என்பது

பெரும் நடுக்கங்கள் அரியவை: 1881, 1941, 2004 என ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் இத்தீவுகள் கண்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒரே நிகழ்வைக் கொண்டு எந்த முறையையும் மெய்ப்பிக்க இயலாது என்பதால், 2005 ஜூலையில் 7.2 அளவிலும், 2009 ஆகஸ்டிலும் 2010 ஜூனிலும் 7.5 அளவிலும் இப்பகுதியில் நேர்ந்த நடுக்கங்களுக்கு முன்பும் அதே அறிகுறி தோன்றியதா, நடுக்கம் எதுவும் தொடராத மாதங்களில் அது எத்தனை முறை தோன்றியது என்ற இரு கணக்குகளும் தேவை. ஆண்டின் நாட்களில் முப்பது விழுக்காட்டை எச்சரிக்கை நாட்கள் என்று குறித்தால், நடுக்கங்களில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அந்நாட்களில் விழும். இந்த எல்லையைத் தெளிவாகத் தாண்டுவதே வெற்றி. சிறு நடுக்கங்கள் ஓயாத இத்தீவுப் பகுதியில், அளவையும் இடத்தையும் நாளையும் குறுக்காமல் சொல்லும் எந்த முன்னறிவிப்பும் எப்படியும் பலித்துவிடும்.

இதற்கான கருவி அடித்தளம் இந்தியாவில் ஓரளவு உண்டு. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் போர்ட் பிளேரிலும் திருநெல்வேலியிலும் நிலையங்கள் நடத்துகிறது; உத்தராகண்டின் குத்துவில் வாடியா இமாலயப் புவியியல் நிறுவனம் 2007 முதல் ஈர்ப்பு, காந்தம், ரேடான் வாயு, ஜிபிஎஸ் ஆகியவற்றை ஒரே இடத்தில் அளக்கும் பல்லளவை நிலையத்தை இயக்குகிறது. அந்தமானுக்குத் தேவைப்படுவது அதே அணுகுமுறையின் கடல் வடிவம்: தீவுத்தொடரின் நெடுகக் காந்தமானிகள், பிளவின் மேலே கடலடியில் மின்புலமும் காந்தப்புலமும் அளக்கும் கருவிகள், வானிலிருந்து வரும் அலைவைக் கழித்துப் பார்க்கத் தொலைவில் ஓர் ஒப்பீட்டு நிலையம், இவற்றுக்கு மேலாக, எது அறிகுறி எனக் கருதப்படும் என்பதை நடுக்கத்துக்கு முன்னரே தேதியிட்டு எழுதிவைக்கும் ஒழுக்கம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவு மிகக் குறைவு. இதுவரை வந்த கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் இல்லாதிருப்பதும் அதுவே.

அதுவரை தீவு மக்களின் பாதுகாப்பு வேறொரு கால அளவையில் அமைகிறது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட சுனாமி முன்னெச்சரிக்கை மையம் நடுக்கத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. நடுக்கம் நிகழ்ந்த சில நிமிடங்களில் அதன் அளவைக் கணித்துக் கடல்மட்டக் கருவிகளின் துணையோடு அறிவிப்பு தருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம் நேர்ந்தபோது அவ்வேற்பாடு செயல்பட்டது. பக்கவாட்டில் நகர்ந்த பிளவு என்பதால் அலை சிறிதாகவே எழுந்தது. சென்னைக் கரைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலான அவகாசம் தரும் இம்முறை, பிளவின் மேலேயே அமர்ந்திருக்கும் நிக்கோபாருக்குத் தரும் அவகாசம் நிமிடங்களில் அடங்கும். அங்கே அலைக்கு முந்திக்கொண்டு வரும் ஐயமற்ற அறிகுறி, நிற்க விடாமல் நிமிடக்கணக்கில் நீளும் நடுக்கமே. மேட்டை நோக்கி நடக்கத் தொடங்க அதைவிடத் தெளிவான செய்தியை எந்தக் காந்தமானியும் இன்றுவரை தந்ததில்லை.